பொழிமுகத்துக்கும் இது பொருந்தும்

வெள்ளி நானோ துகள்கள், அதாவது கண்ணுக்கே தெரியாத மிக நுண்ணிய வெள்ளித் துகள்கள், குளத்துப் பாசியையும் பாக்டீரியாவையும் எப்படிக் கொல்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள், நல்ல கட்டுரை. ஆனால் உப்புத்தண்ணீரைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே. எங்கள் குமரி மாவட்டத்துப் பழையாறு சுசீந்திரம் வழியாக வந்து மணக்குடி பொழிமுகத்தில்தான் கடலோடு சேர்கிறது. நன்னீரில் வெள்ளித் துகளிலிருந்து கரைந்து வரும் அயனிதான் (மின்னூட்டம் கொண்ட வெள்ளி அணு) பெரும்பாலும் விஷம். பொழியில் கடல் உப்பிலுள்ள குளோரைடு அதிகம், அயனி அதோடு சேர்ந்துகொள்வதால் வீரியம் குறையும், துகள்களும் ஒன்றோடொன்று ஒட்டிக் கனத்து அடியில் போய்ப் படியும். சரி, தப்பித்தோம் என்று நினைக்க முடியாது, ஏனென்றால் அந்தச் சேற்றில்தான் மட்டியும் நண்டும் கிடக்கின்றன, அழுகியதை மட்கவைக்கும் பாக்டீரியாவும் அங்கேதான் இருக்கிறது.

அப்புறம் செம்பு. படகின் அடியில் பாசியும் கொட்டலசும் (ஒட்டிக்கொண்டு வளரும் ஓடுள்ள சிற்றுயிர்) பிடிக்காமல் இருக்க அடிக்கும் பெயிண்டில் பெரும்பாலும் செம்புதான் சேர்க்கிறார்கள். படகில் ஒட்டும் பாசியைக் கொல்வது தண்ணீரில் மிதக்கும் நுண்பாசியை மட்டும் விட்டுவிடுமா? மீன்குஞ்சுக்கும் இறால்குஞ்சுக்கும் தீனி அங்கேதானே தொடங்குகிறது! சின்னமுட்டத்திலும் குளச்சலிலும் படகு வைத்திருப்பவர்கள் பழைய பெயிண்டைச் சுரண்டும்போது, தயவுசெய்து கீழே தார்ப்பாய் விரித்து அந்தத் தூளை அள்ளிவிடுங்கள், தண்ணீரில் தள்ள வேண்டாம்.