லாக்டான்சியுஸ் சொல்லாததை அவர் பெயரில் பரப்பாதீர்கள்

எந்த வீடியோவைச் சொல்கிறேன் என்று உங்களில் பலருக்குத் தெரியும், மறுபடி அதைப் பகிரப் போவதில்லை. வேதகலாபனை, அதாவது ரோமப் பேரரசு கிறிஸ்தவர்களைத் துன்புறுத்தியது பற்றிய வீடியோ. அதில் சொன்னது இதுதான்: "பத்து ரோமப் பேரரசர்கள், முந்நூறு வருடம் இடைவிடாத வேதகலாபனை, ஆதாரம் லாக்டான்சியுஸ்." தவறு என்று எழுதியதற்குக் கிடைத்த பதில், "விசுவாசம் குறைந்தவர்களுக்குத்தான் இந்தச் சந்தேகமெல்லாம் வரும்." வலித்தது. அதனால்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன்.

லாக்டான்சியுஸ் நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய கிறிஸ்தவ எழுத்தாளர். கலாபனை செய்தவர்கள் எப்படிச் செத்தார்கள் என்று சொல்லும் அவருடைய புத்தகத்தில் 52 அத்தியாயங்கள். கலாபனை செய்த பழைய பேரரசர்களுக்கு அவர் ஒதுக்கியது 2 முதல் 6 வரை மட்டும். நீரோ, டொமிஷியன், டெசியஸ், வலேரியன், அவுரேலியன். ஐந்தே பேர். டொமிஷியன் 96இல் கொல்லப்பட்டார், டெசியஸ் 249இல் ஆட்சிக்கு வந்தார். நடுவில் இருக்கும் 150 வருடத்துக்கு மேலான காலம் திருச்சபை அமைதியாக வளர்ந்த காலம் என்று எழுதுகிறார். 'இடைவிடாத' என்பதை மறுப்பவர் நீங்கள் ஆதாரம் காட்டும் அதே மனிதர்தான். பத்து என்ற கணக்கோ ஐந்தாம் நூற்றாண்டில் ஒரோசியுஸ் என்ற கிறிஸ்தவ வரலாற்றாசிரியர், வேதாகமத்தில் வரும் எகிப்தின் பத்து வாதைகளோடு பொருத்திக் காட்டியது.

"அப்படியானால் அந்த 150 வருடத்தில் யாரும் சாகவில்லையா?" செத்தார்கள். 177இல் இன்றைய பிரான்சின் லியோனில், 203இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில். அந்த மறைசாட்சிகளை நான் மறுக்கவே இல்லை. அவை அந்தந்த ஊரில், அந்தந்த ஆளுநரின் கீழ் நடந்தவை. பேரரசு முழுவதற்கும் ஆணை வந்தது டெசியஸ் காலத்தில்தான். அந்த ஆணையிலும் கிறிஸ்தவர்கள் மட்டும் குறிவைக்கப்படவில்லை, எல்லோரும் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும். 250ஆம் ஆண்டுக் கோடையில் எகிப்தியக் கிராமத்தார் பலியைச் சரிபார்க்கும் குழுவின் முன் போய், தெய்வங்களுக்குப் பானம் ஊற்றி, படையலைச் சுவைத்து, கையெழுத்திட்ட சான்றிதழ் வாங்கினார்கள். நாற்பதுக்கும் மேற்பட்டவை பாப்பிரஸில் (நாணல் தாளில்) கிடைத்திருக்கின்றன. அதில் ஒன்று முதலைக் கடவுளின் பூசாரிப் பெண்ணுடையது! அவருக்கே சான்றிதழ் தேவைப்பட்டிருக்கிறது என்றால் ஆணை எவ்வளவு அகலமானது என்று பாருங்கள்.

வீடியோவில் கைத்தட்டல் வாங்கியது வலேரியனின் தோல் கதை. 260இல் பாரசீக மன்னர் ஷாபூர் அவரைச் சிறைபிடித்தது உறுதி. ஷாபூரின் கல்வெட்டே சொல்கிறது. தோலை உரித்து, சிவப்புச் சாயம் பூசி, கோயிலில் வைத்தார்கள் என்பதை லாக்டான்சியுஸ் அரை நூற்றாண்டு கழித்து எழுதுகிறார். ஈரானில் உள்ள நக்ஷ்-எ ருஸ்தம் பாறைச் சிற்பத்தில் வலேரியன் நின்றுகொண்டிருக்கிறார், ஷாபூர் அவர் கையைப் பற்றியிருக்கிறார். பிடிபட்டதை மட்டும் சொல்லுங்கள். அதுவே போதுமான செய்தி.

லாக்டான்சியுஸ் பொய்யர் என்று சொல்கிறேனா? இல்லவே இல்லை. எங்கே பக்கத்தில் இருந்தாரோ அங்கே அவரைப் போல ஒரு சாட்சி கிடையாது. பேரரசர் தியோக்கிளேசியன் அவரை லத்தீன் சொற்கலை கற்பிக்க, இன்றைய துருக்கியில் இருந்த தன் தலைநகர் நிக்கொமேதியாவுக்கு வரவழைத்திருந்தார். 303 பிப்ரவரி 23, விடியற்காலை. அதிகாரிகள் அங்கிருந்த கிறிஸ்தவ ஆலயத்தின் கதவை உடைக்கிறார்கள், கடவுளின் உருவத்தைத் தேடுகிறார்கள், வேதநூல்களை எரிக்கிறார்கள். ஆலயம் மேட்டில் இருந்ததால் தியோக்கிளேசியனும் அவருடைய துணைப் பேரரசர் கலேரியுஸும் அரண்மனையிலிருந்தே பார்க்கிறார்கள். தீ வைக்கலாம் என்கிறார் கலேரியுஸ். சுற்றியுள்ள பெரிய வீடுகளுக்குத் தீ பரவிவிடும் என்று தியோக்கிளேசியன் தடுக்கிறார். காவற்படை கோடரிகளோடு வந்து சில மணி நேரத்தில் தரைமட்டமாக்குகிறது. மறுநாள் கிறிஸ்தவர்களுக்கு எதிரான ஆணை ஒட்டப்படுகிறது. அதைக் கிழித்தவரை உயிரோடு எரிக்கிறார்கள். இந்த 12, 13ஆம் அத்தியாயங்களை வீடியோவில் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. புத்தகம் யாருக்காக எழுதப்பட்டதோ அந்த தொனாத்துஸ் ஒன்பது முறை சித்திரவதைப்பட்டு ஆறு வருடம் சிறையில் கிடந்தவர். அவர் பெயரும் இல்லை.

"கலாபனையே கட்டுக்கதை" என்று கமெண்டில் குதித்தவர்களுக்கு: 34ஆம் அத்தியாயத்தில் இருப்பது 311இல் கலேரியுஸே வெளியிட்ட, கலாபனையை நிறுத்தும் ஆணை. தண்டித்தோம், பலர் ஆபத்துக்குள்ளானார்கள் என்று கலாபனை செய்த பேரரசரே ஒப்புக்கொள்கிறார். இதற்கு மேல் உங்களோடு வாதாட ஒன்றுமில்லை.

என் கோபம் நம்மவர்கள் மேல்தான். "துன்புறுத்தியவன் குடும்பத்தோடு அழிந்தான், ஆமென்" என்று அத்தனை பேர் எழுதியிருந்தீர்கள். 50ஆம் அத்தியாயத்தைத் திறந்து பாருங்கள். கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய கிழக்குப் பேரரசர் மாக்சிமினுஸ் தாயாவின் எட்டு வயது மகனையும் ஏழு வயது மகளையும் அவரை வென்ற பேரரசர் லிசினியுஸ் கொன்றார். அந்தப் பிள்ளைகளின் தாயை சிரியாவின் ஒரோந்தெஸ் ஆற்றில் தள்ளினார்கள். கடவுளின் நீதியான தீர்ப்பு என்று முடிக்கிறார் லாக்டான்சியுஸ். ஏழு வயதுக் குழந்தை யாரைத் துன்புறுத்தியது? அந்த இடத்தில் அவரோடு என்னால் நிற்க முடியாது. "அந்தக் காலத்து எழுத்து அப்படித்தான்" என்பீர்கள். அவர் அந்தக் காலத்தவர், ஆமென் போட்டது நீங்கள்.

இன்னொன்று. அந்த லிசினியுஸ் புத்தகத்தில் கடவுளின் கருவி. 313இல் நிக்கொமேதியாவில் வழிபாட்டுச் சுதந்திரத்தை அறிவித்தவர். பிற்பாடு அவரே கிறிஸ்தவர்களை ஒடுக்கினார், 324இல் சக பேரரசர் கான்ஸ்டன்டைனிடம் தோற்றார். லாக்டான்சியுஸிடம் பாடம் படித்த கிறிஸ்புஸை 326இல் கொல்லச் சொன்னது யார்? பெற்ற தகப்பன் கான்ஸ்டன்டைன், நம் பக்கத்துப் பேரரசர். மரணத்தை வைத்து யார் நல்லவர் என்று கணக்குப் போடுகிறவர்கள் கிறிஸ்புஸை எந்தப் பட்டியலில் வைப்பீர்கள்? கமெண்டில் எழுதுங்கள், அத்தியாய எண்ணோடு.