கேம் செய்யிற சொஃப்ட்வெயர் தானா வச்சுத் தாற இந்த டீஃபோல்ட் செட்டிங்கை ஆர் கேட்டது?

புது லெவல் திறந்தா அதே நீல வானம், அதே சாம்பல் தரை. நான் திருகோணமலைக் கோட்டை, இராவணன் வெட்டுப் பக்கம் மழை இருட்டில ஓடுற லெவல் செய்யப்போறன், எனக்கு ஏனப்பா உச்சி வெயில்? சரி, மாத்துவம். அடுத்தது கிரிட் ஸ்னாப், பொருளை நகர்த்தினாலும் திருப்பினாலும் ஒரே அளவு அளவாப் பாய வைக்கிற செட்டிங். கோட்டைப் படிக்கல் ஒண்டை லேசாச் சரிப்பம் எண்டா டக்கெண்டு பத்து டிகிரி பாயுது, அந்தக் காலத்தில என்ன பாகைமானி வச்சே கல்லு அடுக்கினவங்கள்? ஸ்னாப்பை நிப்பாட்டினா கல்லு மானுக்கு மேல மிதக்குது. (ஓம், மானும் இருக்கு. கோட்டைக்குள்ள மான் இல்லாட்டி எங்கட திருமலை ஆக்கள் சும்மா விடுவினமே?) அந்த மானுக்கு டீஃபோல்ட் கொலிஷன், அதாவது மற்றது வந்து முட்டுற எல்லை, ஒரு பெரிய பெட்டி, கொம்பு சுவருக்குள்ளால போகுது, வாலுக்குப் பின்னால வெறும் காத்தில கேமில ஓடுற பெடியன் முட்டி நிக்கிறான். கிராவிட்டி 9.81, பூமிக்குச் சரி, ஆனா கேமில பாய்ஞ்சா பலூன் மாதிரியெல்லே இறங்குறான், கனபேர் கூட்டித்தான் வைக்கினம், பிறகும் ஏன் அதையே தாறாங்கள்? எல்லாத்தையும் மாத்தி, டெம்ப்ளேட்டா சேவ் பண்ணி, ஒரு பிளேன்டீ குடிச்சிட்டு வந்தா அப்டேட் முடிஞ்சுதாம், செட்டிங்ஸ் எல்லாம் "மேம்படுத்தி" இருக்காம். நாசமாப் போக.