கிளெண்டா ஜாக்சன் ஒண்ணும் தியாகம் பண்ணலைங்க

கிளெண்டா ஜாக்சனைப் பத்தி யார் எழுதினாலும் ஒரே பாட்டுதான். ரெண்டு ஆஸ்கர் வாங்கின பிரிட்டிஷ் நடிகை, புகழ் எல்லாத்தையும் உதறிட்டு எம்பியாகி மக்கள் சேவைக்குப் போனாங்க, 23 வருஷம் கழிச்சு வந்து ஷேக்ஸ்பியரோட கிழட்டு ராஜா கிங் லியரா நடிச்சு உலகத்தையே அசத்திட்டாங்கன்னு. கேக்க நல்லாதான் இருக்கு. ஆனா இதுல இருக்கற உதறல், தியாகம் எல்லாம் நாம ஒட்டவெச்ச ஜிகினான்னுதான் எனக்குப் படுது. அந்தம்மா நடிப்பைப் பத்திப் பேசறதைக் கேட்டீங்கன்னா கலை, ஆன்மா, தவம்னு எல்லாம் வராது, ஷிஃப்ட்டுக்குப் போய்ட்டு வர்ற ஆளு வேலையைப் பத்திப் பேசற மாதிரிதான் பேசுவாங்க.

வளர்ந்த வீடு அப்படி. 1936ல, லிவர்பூலுக்கு எதிர்க்கரைல இருக்கற பர்க்கன்ஹெட்ல பிறந்தவங்க. அப்பா கொத்தனார், அம்மா கடைல நிக்கறது, நாலு வீட்டுல துடைக்கறதுன்னு கிடைச்ச வேலையைப் பாத்தவங்க. ஹாலிவுட் நடிகை கிளெண்டா ஃபேரல் பேரைத்தான் பொண்ணுக்கு வெச்சாங்களாம், அந்த வீட்டுக்குள்ள வந்த சினிமா அவ்வளவுதான்னு நினைக்கறேன். படிப்பை சீக்கிரமே நிறுத்திட்டு பூட்ஸ் மருந்துக்கடைல ரெண்டு வருஷம் வேலை, அப்புறம் ஸ்காலர்ஷிப்ல லண்டன் ராடா நாடகப் பள்ளி. அங்க பிரின்சிபல், உனக்கு 40 வயசு ஆகற வரைக்கும் பெருசா வேலை எதுவும் கிடைக்காதுன்னு சொல்லி அனுப்பினாராம், மூஞ்சி அழகு மூஞ்சி இல்ல, கேரக்டர் ரோல் மூஞ்சியாம். 40 ஆகறதுக்குள்ள ரெண்டு ஆஸ்கர் வந்துடுச்சுங்கறது வேற விஷயம் 😄

நடுவுல வேலையில்லாம திண்டாடின வருஷங்களும் நிறைய. 1964ல பீட்டர் புரூக் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனிக்காக நடத்தின பரிசோதனைக் குழுவுல சேந்தப்புறம்தான் கதை மாறுது. மாரா/சாட் நாடகத்துல, மாராவைக் கொன்ன ஷார்லட் கோர்டே வேஷம், பிரெஞ்சு எழுத்தாளர் சாட் வேஷத்துல வர்றவரைத் தன்னோட தலைமுடியாலேயே சவுக்கடி அடிக்கற மாதிரி அடிப்பாங்க. கென் ரஸ்ஸலோட விமன் இன் லவ் படத்துல நடிக்கறப்போ வயித்துல குழந்தை. அந்தப் படத்துக்கு முதல் ஆஸ்கர். 1971ல பிபிசிக்காக எலிசபெத் ஆர் டிவி தொடர், ஆறு எபிசோட்ல முதலாம் எலிசபெத் ராணியோட இளம் வயசுலேந்து சாவு வரைக்கும், அதுக்காக முன்தலையை நிஜமாவே மழிச்சுக்கிட்டாங்க. அதே வருஷம் மார்க்கம் அண்ட் வைஸ் காமெடி ஷோல வந்து கிளியோபாட்ராவா கூத்தடிச்சதும் இவங்கதான், அதைப் பாத்துட்டுத்தான் எ டச் ஆஃப் கிளாஸ் படத்துக்குக் கூப்பிட்டாங்க, அதுக்கு ரெண்டாவது ஆஸ்கர். ரெண்டு தடவையும் விழாவுக்குப் போகலை. ரெண்டு சிலையும் அம்மா வீட்டுல இருந்துச்சாம், அம்மா துடைச்சுத் துடைச்சு தங்க முலாமே போய் உள்ள இருந்த உலோகம் தெரிஞ்சுதுன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிருக்காங்க.

தியாகம்னு சொல்றவங்க 80கள்ல அவங்களுக்கு என்ன மாதிரி ரோல் கிடைச்சுதுன்னு பாக்கணும். 50ஐ நெருங்கற பொம்பளைக்கு எவனும் உருப்படியா எழுதறதில்ல, கதையை நகர்த்தற ஆளா பொண்ணுங்களை வெக்கவே மாட்டேங்கறாங்கன்னு அவங்களே புலம்பினாங்க. இன்னொரு பக்கம் கன்சர்வேட்டிவ் கட்சிப் பிரதமர் மார்கரெட் தாட்சர், சமுதாயம்னு ஒண்ணே கிடையாதுன்னு சொன்னதைக் கேட்டு வந்த கோவத்துல வீட்டு கண்ணாடிக் கதவுல போய் முட்டி மூக்கை உடைச்சுக்க இருந்தாங்களாம். பிடிச்ச வேலை குறைஞ்சுக்கிட்டே வருது, கோவம் ஏறிக்கிட்டே போகுது. 1992ல எதிர்க்கட்சியான லேபர் கட்சி சார்பா லண்டன்ல ஹாம்ப்ஸ்டெட் அண்ட் ஹைகேட் தொகுதில நின்னு ஜெயிச்சாங்க.

சரி, அரசியல்ல பெருசா சாதிச்சாங்களான்னு கேட்டா, இல்லைன்னுதான் சொல்லுவேன். 1997 பிளேர் அரசுல போக்குவரத்துத் துறை ஜூனியர் மினிஸ்டர், ரெண்டு வருஷம், யாருக்கும் இன்னிக்கு ஞாபகம் இருக்காது. லண்டன் மேயர் வேட்பாளர் ஆகணும்னு முயற்சி பண்ணி கட்சிக்குள்ளயே தோத்தாங்க. ஆனா ஈராக் போருக்கு எதிரா தன் கட்சி பிரதமரையே விலகச் சொன்னாங்க, அதுக்கு தைரியம் வேணும். 2010 தேர்தல்ல 42 ஓட்டு வித்தியாசத்துல தப்பிச்சாங்க. நாற்பத்தி ரெண்டே ஓட்டு! ஆஸ்கர் பேரை வெச்சு ஓட்டு வாங்கறவங்களா இருந்தா இப்படி இழுபறி ஆகிருக்குமா?

2013ல தாட்சர் இறந்தப்போ பார்லிமெண்ட்ல எல்லாரும் பூப்போட்டுக்கிட்டு இருக்க, இவங்க எழுந்து, தாட்சர் ஆட்சியில கடை வாசல்ல படுத்துக் கிடந்த வீடில்லாதவங்க, பாழாப்போன பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரின்னு வரிசையா அடுக்கினாங்க, எதிர்வரிசை கூச்சல் போட, குரல் ஏறிக்கிட்டே போச்சு. முதல் பெண் பிரதமர்னு எல்லாரும் புகழ்ந்ததுக்கு, பெண்ணா இருந்திருக்கலாம், என் கணக்குல இல்லன்னு முடிச்சாங்க. செத்தவங்களைப் பத்தி அன்னிக்கு அப்படிப் பேசலாமான்னு அங்க பெரிய சண்டை. பேசலாம்னுதான் நான் நினைக்கறேன், போட்டோவுக்கு மாலை போட வந்த இடமில்லையே அது. வீடியோ பாருங்க, கடைசி சீட்டு வரைக்கும் கேக்கற நாடகக் குரல் அது, எங்கயும் போய்டல.

2015ல பதவியை விட்டாங்க. 2016ல ஓல்ட் விக் தியேட்டர்ல டெபோரா வார்னர் இயக்கத்துல கிங் லியர், வயசு 80. ஆம்பளை வேஷத்தை எப்படின்னு கேட்டவங்களுக்கு அவங்க சொன்ன பதில்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. எம்பியா முதியோர் இல்லங்களுக்குப் போறப்போ பாத்தாங்களாம், ஆம்பளை பொம்பளைன்னு நாம போட்டு வெச்ச கோடெல்லாம் வயசாக ஆக மங்கிக்கிட்டே போகுதாம். லியருக்கான ஹோம்வொர்க்கே அந்த விசிட்லதான் நடந்திருக்கு, இதைப் போய் வீணாப்போன 23 வருஷம்னு எழுதறாங்க. 2018ல த்ரீ டால் விமன் நாடகத்துக்கு அமெரிக்க நாடக உலகத்தோட டோனி விருது, 2019ல பிபிசி டிவி படம் எலிசபெத் இஸ் மிஸ்ஸிங்ல மறதி நோய் வந்த பாட்டி, அதுக்கு பிரிட்டனோட பாஃப்டா விருது.

2023 ஜூன்ல, 87 வயசுல போய்ட்டாங்க. மைக்கேல் கெய்னோட நடிச்ச தி கிரேட் எஸ்கேப்பர் அதுக்கப்புறம்தான் ரிலீஸ் ஆச்சு. ஒண்ணே ஒண்ணுதான் பாக்க முடியும்னா எலிசபெத் இஸ் மிஸ்ஸிங்கைப் பாருங்க, விமன் இன் லவ் அப்புறம் பாத்துக்கலாம். லியரை நேர்ல பாத்த ஆள் யாராவது லிஸ்ட்ல இருந்தா கமெண்ட்ல சொல்லுங்கப்பா, பொறாமைப்பட ரெடியா இருக்கேன்.