போனை நோண்டாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடே

ஞாயிற்றுக்கிழமை எங்கட ஊர்க் கூட்டத்தில என்ன நடந்தது எண்டு திருப்பிச் சொல்லத் தேவையில்லை. அந்த வீடியோவைப் பாக்காத ஆக்கள் என்ர பக்கத்தில இருக்க மாட்டினம். கனடாவில இருக்கிற மச்சான் எனக்கு முதலே பாத்திட்டார். "சில பேர் கூட்டத்துக்கு வந்தும் போனைத் தடவிக்கொண்டுதான் இருக்கினம்" எண்டு மைக்கில சொன்னவர் பேர் சொல்லேல்லைத்தான். சொல்லிப்போட்டு எந்தக் கதிரையைப் பாத்தவர் எண்டு வீடியோவில வடிவாத் தெரியுது. சனம் சிரிச்சது. நானும் சிரிச்சன். வேற என்ன செய்யிறது?

நான் போன் நோண்டேல்ல. குறிப்பெடுத்தனான். இன்னும் விளக்கமாச் சொன்னா, போனை நோண்டாமல் இருக்கிறதுக்கெண்டே ஒரு ஏற்பாடு செய்து வச்சிருக்கிறன். அதைப் பாத்துத்தான் நீங்கள் எல்லாரும் நோண்டுறன் எண்டு சிரிச்சிருக்கிறியள். அந்த நிமிசம் நான் அடிச்சது இப்பவும் ஃபைலில கிடக்கு: "வாசிகசாலை முன் லைற், ஹோல்டர் மாத்திறது, செவ்வாய்க்கு முதல்." அது என்ர வீட்டு லைற்றோ?

சாதாரணமா ஒரு ஆள் போனில ஒரு விசயம் குறிக்கிறதெண்டா என்ன நடக்கும்? லொக்கை எடுக்கவேணும். அப் எங்க கிடக்கெண்டு தேடவேணும். திறக்கும் மட்டும் பாத்துக்கொண்டு நிக்கவேணும். அதுக்கிடையில பெறாமகளின்ர சாமத்திய வீட்டுப் படங்கள் வட்சப்பில வந்து குவியும். ஒண்டைத் திறப்பம். பிறகு இன்னொண்டு. என்ன குறிக்க வந்தனாங்கள் எண்டது போச்சு. அதுக்குத்தான் நோண்டுறது எண்டு பேர்.

என்ர ஏற்பாடு வேற. டாஸ்கர் எண்டு ஒரு அப், ஒருக்காக் காசு குடுத்து வாங்கிறது. இது நடந்தா இதைச் செய் எண்டு போனுக்கு முதலே சொல்லி வைக்கலாம். திரையின்ர மேல் பட்டையை இழுத்தா ரோச், வைஃபை எல்லாம் வரிசையா நிக்குமே, அதில என்ர பொத்தானும் ஒண்டு நிக்கும். 2016 இல ஆண்ட்ராய்ட் 7 வந்ததில இருந்து வெளி அப்புகளும் அந்த இடத்தில பொத்தான் வைக்கலாம். அமத்தினா ஒரு சின்னப் பெட்டி வரும். நாலு சொல்லு அடிச்சு ஓகே குடுத்தா, திகதியும் நேரமும் தானாச் சேர்ந்து ஒரே ஃபைலின்ர கடைசி வரியில போய் இருக்கும். பெட்டி மூடிக்கொள்ளும். வட்சப்பும் கண்ணில படாது, பேஸ்புக்கும் கண்ணில படாது. பக்கத்தில இன்னொரு பொத்தான். அதை அமத்திப்போட்டு வாயால சொன்னாக் காணும், கேட்டு எழுதும். வரியில "வாங்க" எண்டு இருந்தா அது கடைச் சாமான் பட்டியலுக்குப் போகும். இரவு 8 மணிக்கு அண்டைக்குச் சேர்ந்தது முழுக்க ஒரு அறிவித்தலா வந்து நிக்கும். சாப்பிட்டிட்டு இருந்து ஒவ்வொண்டா நாளுக்கு நாள் பிரிப்பன்.

காசு குடுக்க விருப்பமில்லாட்டி மக்ரோட்ராய்ட் இருக்கு. இலவசத்தில 5 மக்ரோ, அதாவது இது நடந்தா இதைச் செய் எண்ட ஏற்பாடு அஞ்சு, வரை விடும், உதுக்கு அது தாராளம். ஒண்டு மட்டும் கவனம்: பற்றரி மிச்சம் பிடிக்கிறன் எண்டு சில போனுகள் உந்த அப்புகளைப் பின்னால நித்திரையாக்கிப் போடும். செற்றிங்கில போய் விலக்குக் குடுத்து விடுங்கோ. ஐபோன்காரருக்குக் காசும் தேவையில்லை, தேடவும் தேவையில்லை. உதே மாதிரி வேலை செய்யிற வேர்க்ஃப்ளோ எண்ட அப்பை அப்பிள் 2017 இல வாங்கி, 2018 இல சோர்ட்கட்ஸ் எண்டு தானே விட்டது. 2020 இல ஐஓஎஸ் 14 வந்தாப்பிறகு போனின்ர முதுகில ரெண்டு தட்டுத் தட்டினாலே சோர்ட்கட் ஓடும். லண்டனில இருந்து ஐபோனோட திருவிழாவுக்கு வாற ஆக்கள் ஒருத்தரும் உதைப் பாவிச்சு நான் காணேல்ல. தேரைப் படம் எடுக்கினம், அவ்வளவுதான்.

சரி. "தம்பி, ஒரு கொப்பியும் பேனையும் கொண்டு வந்திருந்தா ஆர் என்ன சொல்லப்போயினம்?" எண்டு ஒரு ரீச்சர் கமெண்டில கேட்டிருந்தா. ரீச்சரில எனக்கு மரியாதை இருக்கு. ஆனா ரீச்சர், நான் வயரிங் வேலை செய்யிறவன், காலமை சுன்னாகத்தில ஏணியில நிக்கிறன். ஒரு கை ஏணியில. கீழ நிண்டு அந்த வீட்டு அம்மா "தம்பி, குசினி ஃபானும் கிறீச்செண்டு சத்தம் போடுது, மோட்டரும் தண்ணி இழுக்குதில்லை, வெளிச் சுவிச்சில கை வச்சா சாதுவா அடிக்குது" எண்டு ஒரே மூச்சில மூண்டு விசயம் சொல்லுறா. மிச்சம் இருக்கிற ஒரு கையால கொப்பி எடுத்து, பேனை மூடி கழட்டி, எழுதிக் காட்டுங்கோ பாப்பம். பொக்கற்றில இருக்கிற போனுக்குப் பெருவிரல் ஒண்டு காணும். சுவிச்சில கை வச்சா அடிக்குது எண்டது மறக்கிற விசயமோ? அதை மறந்து கோண்டாவிலுக்கு அடுத்த வேலைக்குப் போய், அந்த வீட்டில சின்னப்பிள்ளை ஒண்டு கை வச்சா ஆர் பதில் சொல்லுறது?

கொப்பியும் வச்சிருந்தனான். கார்த்திகை மழைக்கு சேட்டுப் பொக்கற்றில கொப்பி என்ன கதியாகும் எண்டு மோட்டச்சைக்கிளில திரியிற ஆக்களைக் கேளுங்கோ.

குறிப்பெடுக்கிறதை நான் போனில இருந்து பழகேல்ல. அப்பாட்ட இருந்து பழகினது. அப்பா கூட்டுறவுச் சங்கக்கடையில மனேஜர். காதில பென்சில் இல்லாமல் அவரை நான் கண்டதில்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவு, யாழ்ப்பாணத்து இடப்பெயர்வில, வலிகாமம் முழுக்க ஒரே றோட்டில வெளிக்கிட்டு, மழைக்க நாவற்குழிப் பக்கம் அடி அடியா நகரேக்க, அவர் சைக்கிளை நிப்பாட்டி நிப்பாட்டி சிகரெட் பெட்டி மட்டையில எழுதினவர். தெரிஞ்ச முகம் எதிர்ப்பட்டா, எங்க போறியள் எண்டு கேட்டு, பேரும் ஊரும். சாவகச்சேரி, மீசாலை, கொடிகாமம். பின்னால வந்த ஒருத்தர் "உதென்ன, கணக்கெழுதிற நேரமோ" எண்டு கத்தினவர். அம்மாவும் பேசினவ. பிறகு மீசாலையில நாங்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்துக்கு சனம் அப்பாவைத் தேடி வந்தது. அக்கா எங்க, மாமா ஆக்கள் எந்தப் பக்கம் எண்டு. அந்த மட்டையில இருந்துதான் சொன்னவர். மழைக்க நனைஞ்சு, பென்சில் எண்டபடியா அழியாமல் இருந்தது.

அவரை ஒருத்தரும் மட்டை நோண்டுறார் எண்டு மைக்கில சொல்லேல்ல. சரி, மைக்கும் இருக்கேல்லத்தான்.

அடுத்தது, "போனில எழுதி எழுதி மூளை மழுங்கிப் போகும், நாங்கள் அந்தக் காலத்தில எல்லாத்தையும் நினைவில வச்சிருந்தனாங்கள்" எண்ட கதை. வச்சிருந்தீங்கள்தான். போன வருசக் கூட்டத்தில முடிவெடுத்த தண்ணித் தாங்கி எங்க ஐயா?

தமிழில சொன்னா விளங்குமோ எண்டு கேட்டவைக்கு: கூகிள் 2017 இல தமிழுக்குக் குரல் வழி எழுத்தைக் கொண்டுவந்தது. இலங்கைத் தமிழ் எண்டே தனியாத் தெரிவு செய்யலாம். எங்கட கதைக்கு இடைக்கிடை தடுமாறும். "வயர் மாத்தவேணும்" எண்டு சொன்னதை "வயிறு மாத்தவேணும்" எண்டு எழுதி வச்சிருக்கு. எனக்கு விளங்கினாக் காணும். நான் கட்டுரைப் போட்டிக்கோ எழுதிறன்?

"கூட்டத்தில கதைச்சதை ரெக்கோர்ட் பண்ணினனீங்களோ" எண்டு ஒரு அண்ணை கேட்டவர். இல்லை. அடிச்சனான், ஆரின்ர குரலும் என்னட்ட இல்லை. வாயால சொல்லுறது கொம்பனிக்காரன்ர பக்கம் போய் வருமே எண்டா, அது ஞாயமான பயம்தான், நான் இல்லையெண்டு சொல்லேல்ல. அதனாலதான் சில விசயம் போனுக்குச் சொல்லுறதே இல்லை. "நாங்கள் வீட்டில நிக்கமாட்டம், திறப்பு பூச்சாடிக்குக் கீழ வச்சிட்டுப் போறம்" எண்டு சொல்லுற வீடுகள் இருக்கு. அது என்ர தலைக்க மட்டும்தான். ஆனா கேட்ட அண்ணையே காலமை எழும்பினது, கோயிலுக்குப் போனது, இடியப்பம் சாப்பிட்டது எல்லாம் படத்தோட முகப்புத்தகத்தில போடுறவர். அவருக்கு என்ர ஹோல்டர் கணக்கில கவலை.

கடைசியா வந்த கமெண்ட்தான் எனக்கு உண்மையிலயே குத்தினது. "நீ என்ன பெரிய கொம்பனி நடத்திறியோ, அப் வச்சுக் குறிப்பெடுக்க?" எண்டு. கூடப் படிச்சவன், சிரிக்கிற மூஞ்சையும் போட்டிருந்தான். பகிடிதானே எண்டு சொல்லுவான், தெரியும். அண்டைக்கு மேடையில இருந்தவையில ரெண்டு பேர் லப்டொப் திறந்து வச்சிருந்தவை. வீடியோவில பாருங்கோ, ஒருத்தரும் அவையைச் சொல்லேல்ல. பட்டம் இருக்கிற ஆள் திரையைப் பாத்தா அது வேலை. வயரிங்காரன் திரையைப் பாத்தா அது விளையாட்டு. வங்கியில இருக்கிற ஆள் நாலு விசயத்தை ஒழுங்கா வச்சிருந்தா கெட்டித்தனம், நான் வச்சிருந்தா எடுப்பு. உங்கட வீட்டில பிரேக்கர் விழுந்து இரவு பத்து மணிக்கு எடுக்கிறீங்களே, அப்ப மட்டும் நான் போனோட இருக்கவேணும். ஒருக்கா அடிச்சு எடுக்காட்டி "என்ன, போனைப் பாக்கிறேல்லையோ" எண்டு ஏச்சு வேற.

கோவத்தில எழுதிறன் எண்டு நினைப்பியள். கோவம்தான். வேலைக்கு நேரத்துக்குப் போறவன், சொன்ன சாமானை மறக்காமல் வாங்கிக்கொண்டு போறவன் எண்டு ஊருக்க எனக்கொரு பேர் இருக்கு. அந்தப் பேர் எந்தப் பொத்தானுக்குள்ளால வருது எண்டு தெரியாமல் சிரிச்சியள்.

இதுக்கிடையில நேற்று நிர்வாகத்தில ஒருத்தர் இன்பொக்ஸில வந்து, "தம்பி, அண்டைக்குக் கதிரை வாடகை ஆர் பொறுப்பெடுத்தது, விளையாட்டுப் போட்டிக்குக் காசு தாறன் எண்டு எழும்பிச் சொன்னவை ஆர் ஆர், உம்மட்டக் கிடக்கோ" எண்டு கேக்கிறார். கூட்டக் கொப்பியில தலைவர் உரை மட்டும் ரெண்டு பக்கத்துக்கு வடிவான எழுத்தில கிடக்காம்.

கிடக்கு ஐயா. பேரோட, தொகையோட, சொன்ன நேரத்தோட கிடக்கு. இந்தப் பதிவுக்குக் கீழ வந்து எல்லாரும் பாக்கக் கேளுங்கோ, அதிலயே போட்டு விடுறன்.