மார்ச் மாதத்தில் நிரப்பப்படும் எண்

ஒவ்வோர் ஆண்டும் மார்ச் நெருங்கும்போது எங்கள் அலுவலகத்தில் ஓர் எக்செல் கோப்பு திறக்கப்படும். முந்தைய ஆண்டில் வடிவமைப்பில் இருந்த எல்லாக் கட்டடங்களின் பெயர்களும் அதில் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பரப்பளவு, பயன்பாடு, அமைவிடம், அந்தக் கட்டடம் ஓராண்டில் ஒரு சதுர அடிக்கு எவ்வளவு ஆற்றலைச் செலவழிக்கும் என்ற கணிப்பு ஆகியவற்றை நிரப்ப வேண்டும். அமெரிக்கக் கட்டடக்கலைஞர் கழகம் 2009-இல் தொடங்கிய 2030 உறுதிமொழியில் கையெழுத்திட்ட நிறுவனங்கள் ஆண்டுதோறும் செய்ய வேண்டிய வேலை இது. எங்கள் நிறுவனத்தில் பல ஆண்டுகளாக இந்தப் பொறுப்பு என் தலையில்தான் இருக்கிறது. இந்த எண்களை நாம் தவறான நேரத்தில், தவறான நோக்கத்துக்காகத் திரட்டிக்கொண்டிருக்கிறோம் என்ற எண்ணம் எனக்கு வலுத்துக்கொண்டே வருவதால் இதை எழுதுகிறேன்.

பின்னணி தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எட்வர்ட் மஸ்ரியா என்ற கட்டடக்கலைஞர் 2006-இல் முன்வைத்த 2030 அறைகூவலே இந்த உறுதிமொழிக்கு அடிப்படை. 2003-ஆம் ஆண்டின் அமெரிக்கத் தேசிய வணிகக் கட்டடக் கணக்கெடுப்பை ஒப்பீட்டு அடிப்படையாகக் கொண்டு, அதே வகைக் கட்டடம் அன்று சராசரியாகச் செலவழித்த ஆற்றலிலிருந்து புதிய வடிவமைப்பு எத்தனை சதவீதம் குறைந்திருக்கிறது என்று பார்க்கிறார்கள். இலக்கு 2015-இல் 70 சதவீதம், 2020-இல் 80, 2025-இல் 90 என்று ஏறி, 2030-இல் கரிமச் சமநிலையில், அதாவது கட்டடத்தை இயக்கப் படிம எரிபொருளே தேவைப்படாத நிலையில், முடிகிறது. 80 சதவீதம் இலக்காக இருந்த ஆண்டுகளில் கையெழுத்திட்டவர்களின் மொத்தச் சராசரி ஏறத்தாழ 50 சதவீதத்திலேயே நின்றது. அந்த இடைவெளியை மறைக்காமல் வெளியிட்டதற்காகக் கழகத்தை நான் மனமாரப் பாராட்டுவேன்.

கோப்பை நிரப்பும்போது என்ன நடக்கிறது என்பதுதான் என் கவலை. திட்டத் தலைவர்களுக்கு மின்னஞ்சல் போகும். பாதிப் பேரிடமிருந்து பதில் வராது. வரும் பதில்களில் சிலர் பொறியாளரின் அறிக்கையிலிருந்து கண்ணில் பட்ட முதல் எண்ணை எடுத்து அனுப்பியிருப்பார்கள். ஒருமுறை ஓர் அலுவலகக் கட்டடத்துக்கு 158 என்று வந்தது. படிவம் கேட்பதோ சதுர அடிக்குக் கிலோ பிடியூ (அமெரிக்காவில் ஆற்றலை அளக்கும் அலகு). 158 என்றால் ஆய்வுக்கூடம் அளவுக்கு ஆற்றலை விழுங்கும் அலுவலகம் என்று பொருள். விசாரித்துப் பார்த்தால், பொறியாளர் சதுர மீட்டருக்குக் கிலோவாட் மணியில் எழுதியிருக்கிறார். 3.155-ஆல் வகுத்தால் 50. அந்தத் தவறு கண்ணில் பட்டதற்குக் காரணம், எண் மிக மோசமாக இருந்ததுதான். அலகு மாறியதால் எண் நன்றாகத் தெரிந்திருந்தால் யாரும் தொலைபேசியை எடுத்திருக்க மாட்டார்கள், நான் உட்பட.

பரப்பளவும் அப்படித்தான். 20,000 சதுர மீட்டர் கட்டடம் ஆண்டுக்கு 24 இலட்சம் யூனிட் செலவழித்தால் சதுர மீட்டருக்கு 120 யூனிட். கீழே உள்ள 10,000 சதுர மீட்டர் வாகன நிறுத்தத்தையும் பரப்பில் சேர்த்துவிட்டால், அதன் விளக்குச் செலவைக் கணக்கில் விட்டுவிடும் பட்சத்தில், அது 80 ஆகிவிடும். ஒரு சன்னலைக்கூட மாற்றாமல் மூன்றில் ஒரு பங்கு சேமிப்பு. வேண்டுமென்றே இப்படிச் செய்பவர்களை நான் பார்த்ததில்லை. ஆனால் மார்ச் கடைசி வாரத்தில், திட்டத்தைவிட்டுப் போய்விட்ட ஒருவரின் கோப்புறையில் பரப்பளவைத் தேடும்போது இது வெகு இயல்பாக நடந்துவிடுகிறது.

இதைவிடச் சங்கடமானது, எந்தத் திட்டத்தைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற பேச்சு. சில ஆண்டுகளுக்கு முன் மூத்த பங்குதாரர் ஒருவர், "அந்த மருத்துவமனையை இந்த வருஷம் விட்டுவிடலாமே, மாடல் இன்னும் சரியாக வரவில்லை," என்றார். மாடல் என்று அவர் சொன்னது, கட்டடத்தின் ஆற்றல் செலவைக் கணிக்கும் கணினி மாதிரியை. அவர் கெட்ட மனிதர் அல்லர், கணக்கு தெரிந்தவர். நிறுவனத்தின் சராசரி பரப்பளவின் எடைப்படி கணக்கிடப்படுகிறது. 3,000 சதுர மீட்டர் பள்ளியில் 85 சதவீதம் சேமித்துவிட்டு, 40,000 சதுர மீட்டர் மருத்துவமனையில் 40 சதவீதம் மட்டுமே எட்டினால், இரண்டும் சேர்ந்த சராசரி 43-ஐத்தான் தொடும். விருதுக்கும் விளம்பரப் பக்கத்துக்கும் அனுப்பப்படுவது பள்ளி, ஆற்றலைத் தின்பது மருத்துவமனை. அந்த மருத்துவமனையைப் பட்டியலிலிருந்து நீக்கினால் நீக்கப்படுவது எங்கள் வேலையின் பெரும்பகுதி என்று அவரிடம் சொன்னேன். சேர்த்தோம். அந்த ஆண்டு எங்கள் சராசரி சரிந்தது. அதற்காக எந்த வாடிக்கையாளரும் எங்களை விட்டுப் போகவில்லை.

ஆற்றல் மாதிரி செய்யப்படாத திட்டங்களுக்கு அந்த இடத்தில் நடப்பிலுள்ள ஆற்றல் விதிமுறைக்கு ஈடான மதிப்பை இட்டு நிரப்பலாம் என்ற வசதி உண்டு. சிறிய திட்டங்களையும் கணக்குக்குள் கொண்டுவர அது தேவைதான், குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு நிறுவனத்தின் பட்டியலில் பெரும்பாலான வரிகள் அப்படி நிரப்பப்பட்டிருந்தால், அந்தப் பட்டியல் கட்டடக்கலைஞர் செய்த வேலையைச் சொல்வதில்லை, அரசு இயற்றிய விதியைத்தான் சொல்கிறது.

எண்களைத் திரட்டும் நேரம் தவறு என்று சொன்னதற்கு வருகிறேன். எங்கள் திட்டம் ஒன்றில் மேற்கு முகம் தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி. மாலை வெயில் நேராக உள்ளே விழும், அதைச் சமாளிக்கக் குளிரூட்டும் கருவியின் அளவு கூடும் என்பதை மாதிரி தெளிவாகக் காட்டியது. ஆனால் அந்த மாதிரி எங்கள் கைக்கு வந்தபோது வரைபடங்கள் ஒப்பந்தப்புள்ளிக்குப் போய்விட்டன. எண்ணை மிகுந்த நேர்மையோடு பதிவு செய்தோம். கட்டடம் அப்படியே எழும்பியது. கட்டடத்தின் திசை, உருவம், கண்ணாடியின் அளவு ஆகிய மூன்றும் முதல் சில வாரங்களில் முடிவாகிவிடுகின்றன. அதற்குப் பிறகு செய்யும் கணிப்பு பெரும்பாலும் கருவிகளைச் சற்றே மாற்றத்தான் உதவும். ஆகவே அந்த எண் மார்ச் கோப்பில் பிறக்கக் கூடாது, முதல் கருத்துரு வரைபடத்தின் மூலையில் பிறக்க வேண்டும். இப்போது எங்களிடம் அதை ஒரு விதியாகவே வைத்திருக்கிறேன்: இலக்கு எண்ணும் அன்றைய கணிப்பும் எழுதப்படாத தாள் உள் ஆய்வுக்கூட்டத்தின் மேசைக்கு வரக் கூடாது. முதல் கணிப்பு துல்லியமாக இருக்காது, இருக்கவும் தேவையில்லை. இரண்டு உருவங்களில் எது மேல் என்று சொன்னால் போதும்.

மறுமுனையிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. இவ்வளவும் கணிப்புதான், கட்டடம் உண்மையில் செலவழிப்பது வேறு. பிரிட்டனில் 1995 முதல் 2002 வரை நடந்த புரோப் ஆய்வுகள் குடியேறிய கட்டடங்களுக்குத் திரும்பிப் போய் அளந்து பார்த்தன. வடிவமைப்பில் சொன்னதைப்போல் பெரும்பாலும் ஏறத்தாழ இரு மடங்கு உண்மைச் செலவு ஓடியது அன்றே தெரிந்த செய்தி. வேலை நேரம் நீண்டது, இரவில் யாரும் அணைக்காத காற்றோட்ட விசிறிகள், கணிப்பில் யாரும் சேர்க்காத கணினி அறை என்று காரணங்கள் வெகு சாதாரணமானவை. ஆஸ்திரேலியாவின் நேபர்ஸ் தரமதிப்பீடு 12 மாத உண்மைக் கணக்கைப் பார்த்துத்தான் நட்சத்திரம் கொடுக்கிறது. நியூயார்க் நகரம் 2009-இல் இயற்றிய உள்ளூர்ச் சட்டம் 84-இன்படி பெரிய கட்டடங்களின் ஆண்டுச் செலவு பொதுவில் வெளியிடப்படுகிறது. அத்தகைய ஊரில் கட்டடம் எழுப்பிய ஒரு நிறுவனம், தான் கணித்த எண்ணையும் நகரம் வெளியிட்ட எண்ணையும் ஒரு பிற்பகலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம். அதைச் செய்பவர்கள் வெகு சிலரே என்பது என் அனுபவம்.

அந்தச் சட்டம் இல்லாத இடங்களில் மின்கட்டண ரசீதுகளை உரிமையாளரிடம்தான் கேட்க வேண்டும். முதல் 12 மாத ரசீதுகளை எங்களோடு பகிர வேண்டும் என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேர்க்க முயன்றுவருகிறேன். கணிப்புக்கும் ரசீதுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டி நாளை யாராவது வழக்குப் போட்டால் என்ன செய்வது என்று எங்கள் வழக்கறிஞர் இரண்டு முறை அடித்துத் திருப்பி அனுப்பிவிட்டார். அவருடைய அச்சத்தையும் நான் ஒதுக்கிவிடவில்லை. இத்தகைய வரியை எழுதி, உரிமையாளரின் கையெழுத்தையும் பெற்றவர்கள் உங்களில் யாராவது இருந்தால், பொறுப்பைப் பற்றிய பகுதியை எப்படி அமைத்தீர்கள் என்று கீழே எழுதுங்கள். மூன்றாவது வரைவை அடுத்த வாரம் அனுப்ப வேண்டும்.