355 கிலோமீட்டருக்கு எத்தனை மணி நேரம்?

சென்னை மீனம்பாக்கத்திலிருந்து யாழ்ப்பாணம் பலாலி விமான நிலையத்துக்கு வான்வழித் தூரம் ஏறத்தாழ 355 கிலோமீட்டர். கொழும்பை அடுத்த கட்டுநாயக்க விமான நிலையமோ ஏறத்தாழ 645 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. வரைபடத்தில் மீனம்பாக்கத்துக்கும் கட்டுநாயக்கவுக்கும் இடையே ஒரு நேர்கோடு இழுத்துப் பாருங்கள். அது யாழ்ப்பாணத்தை ஒட்டியே செல்லும்.

அந்தக் கோட்டின் பொருள் எனக்கு 2018-இல்தான் விளங்கியது. யாழ்ப்பாணத்து நல்லூரில் பெரியம்மா காலமான செய்தி காலையில் வந்தது. கிடைத்த விமானத்தில் கொழும்புக்குப் பறந்து, நள்ளிரவில் இறங்கி, அங்கிருந்து வாகனம் பிடித்து, எந்த ஊரின் பக்கமாகப் பறந்து வந்தேனோ அதே ஊருக்குத் தரைவழியாக 350 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே திரும்பினேன். போய்ச் சேர்ந்தபோது தகனம் முடிந்திருந்தது. பெரியம்மாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. விமானத்தில் இருந்த நேரம் ஒன்றரை மணிக்கும் குறைவு என்பதை இன்றும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நேராகப் பறக்கும் இந்த வழி புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதும் அன்று. இலங்கையின் ஏர் சிலோன் விமான நிறுவனத்தின் முதல் பயணமே 1947 டிசம்பர் 10 அன்று கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து, பலாலியை ஒட்டிய காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத்தான் நடந்தது. இடையில் அறுந்துபோன அந்தத் தொடர்பு, பலாலி 2019 அக்டோபரில் பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்டு நவம்பரில் சென்னைச் சேவை தொடங்கிய பின்னரே மீண்டது. கொரோனாவால் நின்று, 2022 டிசம்பரில் மறுபடியும் தொடங்கியது.

இந்தத் தடத்தில் பறக்கும் ஏடிஆர் 72 வகை விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கக்கூடியது. கணக்குப்படி முக்கால் மணி நேரம் போதும்; ஆனால் கால அட்டவணை ஒன்றேகால் மணிக்கு மேல் காட்டும். நிறுத்திய இடத்திலிருந்து நகரத் தொடங்குவது முதல் மறுமுனையில் நிற்பது வரை எல்லாமும் அதில் அடக்கம். அதனோடு விமான நிலையத்தில் காத்திருக்கும் மூன்று மணி நேரம், குடிவரவு, சுங்கம், பலாலியிலிருந்து ஊருக்குப் போகும் பாதை அனைத்தையும் சேர்த்தே பயணத்தைக் கணக்கிட வேண்டும். அப்படிக் கணக்கிட்டாலும், 2023-இல் நான் விடியற்காலையில் வீட்டை விட்டுக் கிளம்பி, மதியச் சாப்பாட்டை நல்லூரில் உறவினர்களோடு உண்டேன். இரு நாடுகளுக்கும் ஒரே நேரம் என்பதால் கடிகாரத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

ஆகவே, இது பண்டிகைக்காலச் சுற்றுலாவுக்கான தடமாக மட்டும் கருதப்படக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. மரணத்துக்கும் மருத்துவத்துக்கும் ஓட வேண்டியவர்களுக்கு, முந்திய நாள் கேட்டாலும் இடம் கிடைக்கக்கூடிய சேவை தேவை. இங்கே ஓடுபாதையின் நீளம் முக்கியமாகிறது. 2019-இல் பயன்பாட்டுக்கு வந்த பகுதி சுமார் 1,400 மீட்டர். அதில் எழுபது பேர் அளவில் ஏறும் சிறிய விமானங்களே இறங்க முடியும். ஓடுபாதையின் நீளம் குறையக் குறைய, வெயில் ஏற ஏற, விமானம் சுமக்கக்கூடிய எடை குறையும். அந்தக் குறைவு பயணிகளின் பெட்டிகளிலும் இருக்கைகளிலுமே வந்து விழும். ஓடுபாதையை நீட்டத்தான் வேண்டும். ஆனால் 1990-இல், பலாலியைச் சூழ்ந்த வலிகாமம் வடக்குப் பகுதியிலிருந்து போரால் இடம்பெயர்ந்து, தம் காணிக்காக இன்னமும் காத்திருப்பவர்களின் நிலத்தைத் தொடாமல், பழைய ஓடுபாதையில் எஞ்சியிருக்கும் பகுதியைச் சீரமைத்தே அதைச் செய்ய வேண்டும்.