மேனேஜர் கேபினுக்குள் நடக்கும் கொள்ளை

‘கேஷ் ஆன் டிமாண்ட்’ படத்தை நேற்று ராத்திரி மூன்றாவது தடவையாகப் பார்த்தேன். 1961-ல் ஹாமர் என்ற பிரிட்டிஷ் கம்பெனி எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். பழைய பிரிட்டிஷ் க்ரைம் படங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லாரும் நாலைந்து பெரிய படங்களையே திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள், இதை யாரும் சொல்வதில்லை. அது எனக்கு நிஜமாகவே மனக்குறை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் இருக்கிறது. ஹாவர்ஷாம் என்ற ஊரில் ஒரு வங்கிக் கிளை. மேனேஜர் ஃபோர்டைஸ் கறாரான ஆசாமி, சிரிப்பு என்பதே கிடையாது. காலையில் வந்ததும் சீஃப் கிளார்க் பியர்சனைக் கூப்பிட்டு ஒரு சின்னக் கணக்குப் பிழைக்காக வேலையே போய்விடும் என்கிற அளவுக்கு மிரட்டுகிறார். கொஞ்ச நேரத்தில் இன்ஷூரன்ஸ் கம்பெனி அதிகாரி என்று சொல்லிக்கொண்டு கர்னல் கோர் ஹெப்பர்ன் வருகிறார். வங்கியின் பாதுகாப்பைச் சோதிக்க வந்தாராம். கேபின் கதவு சாத்தியதும் விஷயம் வெளிவருகிறது. ஃபோர்டைஸின் மனைவியும் மகனும் தன் ஆட்கள் பிடியில் இருப்பதாகச் சொல்கிறார். பெட்டகத்தில் இருக்கும் 93,000 பவுண்டை ஃபோர்டைஸே எடுத்துக் கொடுத்து வழியனுப்பி வைக்கவேண்டும்.

கதை இவ்வளவுதான். துரத்தல் இல்லை, துப்பாக்கிச் சத்தம் இல்லை. வாசலில் கொஞ்சம் பனி, உள்ளே கவுண்ட்டர், கேபின், பெட்டக அறை. கதையும் ஏறக்குறைய நிஜ நேரத்திலேயே ஓடுகிறது. படத்துக்கு ஆன மொத்தச் செலவு சுமார் 37,000 பவுண்டு. கதையில் கொள்ளை போகிற தொகை அதைப்போல இரண்டரை மடங்கு!

நான் 31 வருஷம் வங்கியில் வேலை பார்த்தவள், அதில் பாதிக்கு மேல் கேஷ் கவுண்ட்டரில். ஒரு சாயங்காலம் 500 ரூபாய் டேலி ஆகவில்லை. அப்போதிருந்த மேனேஜர் கேபின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஹாலில் இருக்கும் அத்தனை பேருக்கும் கேட்கும்படி என்னை விசாரித்தார். மறுநாள் காலை ஒரு வாடிக்கையாளர் தானாக வந்து, “நேத்து ஒரு நோட்டு கூட வந்திருச்சும்மா” என்று கொடுத்துவிட்டுப் போனார். மேனேஜர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஃபோர்டைஸ் முன்னால் பியர்சன் நிற்கிற நிற்பு இருக்கிறதே, அது எனக்குப் பழக்கமான நிற்பு. பியர்சனாக நடித்த ரிச்சர்ட் வெர்னன் அதை அப்படியே செய்திருக்கிறார். பதில் தெரியும், ஆனால் வாய் வராது.

அதனால்தான் சொல்கிறேன், இது பணக் கொள்ளையைப் பற்றிய படம் மட்டும் இல்லை. காலையில் பியர்சனுக்கு ஃபோர்டைஸ் செய்ததைத்தான் அடுத்த ஒரு மணி நேரம் கர்னல் ஃபோர்டைஸுக்குச் செய்கிறார். அதே மேஜை, அதே அதிகாரக் குரல், எதிராளியின் பிழைப்பு நம் கையில் இருக்கிறது என்கிற அதே தெம்பு. ஆள்தான் மாறியிருக்கிறது. கீழே வேலை செய்கிறவர்களை இப்படியா நடத்துவது என்று ஃபோர்டைஸைக் கண்டிப்பதும் அந்தத் திருடன்தான். அந்த இடத்தில் எனக்குத் திருடன் மேல் கோபம் வரவில்லை. வரவில்லை என்பது என்னையே உலுக்கியது.

ஃபோர்டைஸாக நடித்திருப்பவர் பீட்டர் குஷிங். ‘ஸ்டார் வார்ஸ்’ முதல் படத்தில் டார்க்கினாக வந்தவர் என்றால் பலருக்குத் தெரியும். கர்னலாக ஆந்த்ரே மொரெல். 1959-ல் ஹாமர் எடுத்த ‘த ஹவுண்ட் ஆஃப் த பாஸ்கர்வில்ஸ்’ துப்பறியும் படத்தில் இவர்கள் இரண்டு பேரும்தான் ஷெர்லக் ஹோம்ஸும் அவர் நண்பர் வாட்சனும். அங்கே தோளோடு தோள் நின்றவர்கள் இங்கே ஒருவரை ஒருவர் கசக்குகிறார்கள். மொரெல் குரலை உயர்த்துவதே அபூர்வம், சொந்த வீட்டில் இருப்பதுபோல உட்கார்ந்து பேசுகிறார். குஷிங் எதிரே கொஞ்சம் கொஞ்சமாக உடைகிறார். முதலில் முதுகு வளைகிறது. அப்புறம் குரல் மெலிகிறது. போனில் மனைவியின் குரலைக் கேட்கும்போது அந்த ஒட்டிய கன்னம் துடிப்பதைப் பாருங்கள். கேமரா அந்த முகத்தை விட்டு நகரவே வேண்டாம் என்றிருக்கும்.

மொரெலும் வெர்னனும் இந்தப் பாத்திரங்களுக்குப் புதியவர்கள் இல்லை. 1960-ல் ஜாக் கில்லிஸ் எழுதிய ‘த கோல்ட் இன்சைட்’ தொலைக்காட்சி நாடகத்தில் இதே வேஷங்களைக் கட்டியவர்கள். அதை இயக்கிய க்வென்டின் லாரன்ஸ்தான் படத்தையும் இயக்கினார். அந்த ஒத்திகை வசனத்துக்கு வசனம் தெரிகிறது.

குறை இல்லாமல் இல்லை. வங்கியில் வேலை செய்யும் இரண்டு பெண்களுக்கும் படத்தில் பெரிதாக வேலையே இல்லை. இந்தத் தொழிலில் இருந்தவள் என்பதால் அது உறுத்தத்தான் செய்தது.

ஆனால் சின்னப் பட்ஜெட் என்பதற்காக இதை ஒதுக்குவதை ஒப்புக்கொள்ளவே மாட்டேன். அந்த இளக்காரத்துக்குப் பழைய காரணம் உண்டு. 1927-ல் பிரிட்டனில் ஒரு சட்டம் வந்தது. தியேட்டர்கள் ஒரு பங்கு உள்நாட்டுப் படம் காட்டியே தீரவேண்டும் என்றது. அந்தக் கணக்கை நேர்செய்ய அவசர அவசரமாக எடுத்துத் தள்ளிய படங்களுக்கு ‘கோட்டா குவிக்கி’ என்று பெயர். அப்போது ஒட்டிய கெட்ட பெயர், அறுபதுகளில் பெரிய படத்துக்குத் துணைப்படமாக வந்த நல்ல படங்கள் மேலும் அப்படியே தங்கிவிட்டது. இந்தப் படமும் அமெரிக்காவில் 1961 டிசம்பரிலேயே வெளியானது. சொந்த நாட்டில் 1963 டிசம்பர் வரை காத்துக் கிடந்தது. அப்போதும் நீளத்தை வெட்டித்தான் விட்டார்கள். இத்தனை கச்சிதமான படத்தில் எதை வெட்டினார்களோ என்று நினைத்தாலே வயிறு எரிகிறது.

முடிவைச் சொல்லமாட்டேன். ஆனால் ஓர் இடம். தன் மனைவி, பிள்ளையின் உயிருக்காக ஃபோர்டைஸ் தன் ஊழியர்கள் முன்னாலேயே கெஞ்சவேண்டி வருகிறது. காலையில் வேலை போய்விடும் என்று மிரட்டிய அதே பியர்சனிடம். அந்த நேரத்தில் எல்லாரும் குஷிங்கைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் ஒரு நிமிஷம் பியர்சனையும் பாருங்கள்.